மனப்பாடம்

"கோப்பையோட நிக்கற போட்டோ ஒண்ணு இருக்குமே, அத எடுத்துட்டு வா" என்று அப்பா மூன்றாவது தடவையாக வந்து கேட்டபோது, அவள் தம்பியின் சட்டைக் கையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி மூன்று மணிக்கு வந்துவிடும். அதற்குள் அவனுக்கு உடுத்திவிட வேண்டும்.

"அப்படி ஒரு போட்டோ இல்லப்பா."

"எப்படி இல்லாம போகும்? ஜெயிச்சான்ல?"

"ஜெயிச்சான். நம்ம வீட்ல யார் போய் எடுத்தாங்க?"

அவர் கூடத்துக்குப் போனார்.

தம்பி லிப்ட் மெக்கானிக். நேற்றுக் காலை ஓர் அலுவலகத்தின் ஆறாவது மாடிப் படியில், மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்து மூன்று வயது.

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இவன்கிட்ட விஷயம் இருக்குன்னு நான் அப்பவே கண்டுபிடிச்சிட்டேன். பெரிய பெரிய ஆளுங்க ஆடின செஸ் ஆட்டம் நூறு, அப்படியே ஒப்பிப்பான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

ஒப்பிப்பான்தான். வேலைக்குக் கிளம்புமுன் ஷூ மாட்டிக்கொண்டே ஒப்பிப்பான். அடுப்பில் ஒரு கண்ணும், அந்த ஆட்டங்கள் அச்சான புத்தகத்தில் ஒரு கண்ணுமாக அவள் சரிபார்ப்பாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா, "கிளி பேச ஆரம்பிச்சிடுச்சு" என்பார். யாராவது வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "எவனோ ஆடினத இவன் பாடம் பண்றான். சொந்தப் புத்தி இருந்தா இது எதுக்கு?" என்பார்.

முதல் வருஷம் அவர் சொன்னதுதான் சரி என்பதுபோல இருந்தது. எதிராளி புத்தகத்தில் இல்லாத ஒன்றை நகர்த்திவிட்டால் தம்பி திருதிருவென்று விழிப்பான். பிறகு முறையை மாற்றினான். "அடுத்த வரிய மறைச்சுக்கக்கா. நான் என்ன ஆடுவேன்னு சொல்றேன். அவர் வேற ஆடியிருந்தா, ஏன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஒரு குதிரை ஏன் பின்வாங்கியது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். நாலாம் நாள் வாயெல்லாம் பற்பசை நுரையோடு சமையலறைக்கு ஓடிவந்தான். "யானைக்கு வழி விட்டிருக்கார்க்கா!"

அந்த வருஷம்தான் செஸ் கிளப் போட்டியில் முதலாவதாக வந்தான். கோப்பையில் அப்பா ஷேவிங் பிரஷ்ஷைப் போட்டு வைத்துக்கொண்டார். இடத்தை அடைக்கிறது என்று புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டார். தம்பி அப்பாவிடம் சண்டைக்குப் போகவில்லை. "விடுக்கா, எல்லாம் உள்ள இருக்கு" என்றான். இப்போது நினைத்தால் அந்தப் பொறுமைமேலும் ஆத்திரம் வந்தது.

சட்டையோடு கூடத்துக்கு வந்தாள். அப்பா துக்கத்துக்கு வந்திருந்த கிளப் செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலைல புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டு நான் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்."

"கிளின்னு சொன்னீங்க" என்றாள்.

"என்னது?"

"அவனக் கிளின்னு சொன்னீங்கப்பா. வந்தவங்க போனவங்க முன்னாடியெல்லாம் சொன்னீங்க. புத்தகத்த எடைக்குப் போட்டீங்க. இன்னிக்கு மட்டும் உங்க பிள்ளையா அவன்?"

"இந்த நேரத்துல பேசற பேச்சாம்மா இது?" என்றாள் சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தை.

"வேற எந்த நேரத்துல பேசறது அத்தை? அவன் இருந்தவரைக்கும் வேண்டாம் வேண்டாம்னே என் வாய அடைச்சிட்டான்."

செயலாளர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து பின்கட்டுப் பக்கம் போனார். அவள் மண்டியிட்டு, தம்பியின் விறைத்துப்போன கையைச் சட்டைக்குள் மெல்ல நுழைத்தாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்களை அவள் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பேனாவும் காலண்டரில் கிழித்த தாளும் இருந்தன.

"காலைல ஒப்பிப்பானே... அதுல ஒண்ணு சொல்லேன். எழுதிக்கறேன்."

"தெரியாது."

"நீதானேம்மா தினம்..."

"தெரியாதுப்பா."

குழாயை இன்னும் திறந்துவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று காய் நகர்த்தல்கள் அவன் குரலிலேயே அவளுக்குள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னால் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி தேய்த்தாள்.