மாற்றாமல் அழுத்துகிறவர்கள்

"பாக், அந்தப் பெட்டிய இப்பவே நிறுத்தச் சொல்லுங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஆபீஸில் மூத்தவரான மாஸ் காலிஹ் என்னிடம் சொல்லியிருந்தார். "லீவு கேளு. சம்பளம் ஏத்திக் கேளு. நாற்காலி முதுகக் கொல்லுதுன்னு கூடக் கேளு. பாக் ஹெர்லம்பாங் ஆரம்பிச்சு வெச்ச ஒண்ண நிறுத்துங்கன்னு மட்டும் வாயத் திறந்துறாத." என் அம்மாவும் அதையேதான் வேறு மாதிரி சொல்லி மதுரா தீவிலிருந்து என்னைப் பஸ் ஏற்றினாள். அப்பாவுக்கு லாரி வேலை போனது அப்படித்தான். பிரேக் சரியில்லை, வண்டியை நிறுத்துங்கள் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னார். வண்டி ஓடியது, அப்பா நின்றார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவின் வாய் எனக்கும் இருக்கிறது என்பதுதான் அம்மாவின் நிரந்தரப் பயம்.

பாக் ஹெர்லம்பாங் எங்கள் நிறுவனத்தின் தலைவர். எங்கள் பேச்சில் பாக் என்றால் ஐயா, மாஸ் என்றால் அண்ணன், இபு என்றால் அம்மா. நான் உள்ளே போனபோது ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் புது பத்திக் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். மதியத் தொழுகை முடிந்ததும் சுகாதாரத் துறையிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். மேஜை முழுக்கப் பலகாரப் பெட்டிகள். வாழையிலையில் சுருட்டிய லெம்பரின் வாசனை அறையை நிறைத்திருந்தது.

"நல்ல யோசனைம்மா," என்றார் திரும்பாமலேயே. "யோசிப்போம்."

அவர் சோலோக்காரர், பணிவான பேச்சுக்குப் பேர்போன ஊர் அது. 'முடியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. 'யோசிப்போம்' என்றால் முடியாது. 'நல்ல யோசனை' என்றால் முடியாது, இனிமேல் இந்தப் பேச்சை எடுக்காதே. இரண்டையும் சேர்த்து அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அந்தப் பெட்டியைச் செய்தவள் நான்தான். எங்கள் நிறுவனம் ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகளின் போனுக்கு மெசேஜ் அனுப்பும் வசதியை விற்கிறது. அதை எப்படித் தங்கள் கணினிகளோடு இணைப்பது என்று ஆஸ்பத்திரி புரோகிராமர்கள் படித்துத் தெரிந்துகொள்ளும் வழிகாட்டிப் பக்கங்களை எழுதுவது என் வேலை. நான் வந்தபோது அவை செத்த பக்கங்கள். நாலு வரி விளக்கம், கீழே சாம்பல் நிறக் கட்டத்தில் கொஞ்சம் கோட். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போய், உன் கணினியில் என்னென்னவோ நிறுவி, ஓட்டிப் பார்த்து, அது ஓடாமல் போய், யாரைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் என்னிடம் லேப்டாப் இல்லை. விரிசல் விழுந்த போனில்தான் படித்தேன். ஒரு எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க விரல் துடிக்கும். பார்க்க வழி கிடையாது. லேப்டாப் இருந்த பையன்கள், "சும்மா ஓட்டிப் பாருடி, தானா புரியும்" என்பார்கள். எதில் ஓட்டுவது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அல்லது அறைந்திருப்பேன்.

அதனால் அந்தக் கட்டத்துக்கு உயிர் கொடுத்துப் பெட்டியாக்கினேன். இப்போது அந்தக் கோட்டின் மேலேயே விரலை வைத்து மாற்றலாம். பக்கத்தை விட்டு நகர வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம். எண்ணை மாற்று, வார்த்தையை மாற்று, 'ஓட்டு' என்ற பொத்தானை அழுத்து, கீழே உடனே பதில் வரும். தப்புச் செய்தால் எங்கே தப்பு என்று காட்டும். விரிசல் விட்ட போனிலும் வேலை செய்யும். பல மாதம் இதற்காகவே உழைத்தேன். வேறு எதற்கும் நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

உதாரண மெசேஜில் முன்பு 'சோதனை ஒன்று இரண்டு' என்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தங்கள் வேலை கண்ணில் தெரிய வேண்டுமே என்று நான் மாற்றி எழுதினேன்: 'உங்கள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும்.' யாருக்குப் போகிறது என்ற இடத்தில் பாக் ஹெர்லம்பாங் தன் பழைய நம்பரைப் போடச் சொன்னார். எட்டு எட்டாக வரும் அழகு நம்பர். எங்கள் ஊரில் அழகு நம்பருக்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. தொழில் தொடங்கிய காலத்து நம்பர், ராசியானது, டிராயரில் பத்திரமாக இருக்கிறது என்றார். ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவைத்த நம்பரைப் போன் கம்பெனி பிடுங்கி வேறு ஆளுக்கு விற்றுவிடும் என்பது இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அதுவரைக்கும் ஆபத்தில்லை. பெட்டி ஒத்திகைதான் பார்த்தது. 'அனுப்பியாயிற்று' என்று பச்சையாகக் காட்டும், ஆனால் எதையும் அனுப்பாது. போன வாரம் அவர், "விருந்தாளி அழுத்துனா கையில போன் அதிரணும்மா, அப்பத்தான் ஷோ," என்றார். மாஸ் காலிஹ் அதை நிஜ லைனில் இணைத்துவிட்டார். ஒரு விஷயம் நான் நூறு பேரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது: மாற்றிப் பார் என்று எவ்வளவு பெரிதாக எழுதி வைத்தாலும் சரி, எல்லோரும் முதல் தடவை எதையும் மாற்றாமல்தான் அழுத்துவார்கள்.

இன்று காலையில் ஆபீஸ் போன் அடித்தது. என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய போன், கூப்பிடுகிறவர் எண்ணெல்லாம் தெரியாது.

"இது ஆஸ்பத்திரியா?"

"இல்லீங்க இபு. மெசேஜ் அனுப்புற கம்பெனி."

"அப்ப நீங்கதானா," என்றாள் அந்த அம்மாள். கோபமாகக் கூட இல்லை, களைத்துப்போன குரல். பெயர் சுமியாதி. கிரெசிக்கில் பெரிய சந்தைக்குப் பின்னால் நாசி கிராவு என்கிற சோற்றுக் கடை வைத்திருக்கிறாள். "எங்க வீட்டுக்காரருக்குக் கழுத்துல கட்டி. துளி வெட்டி எடுத்து அனுப்பியிருக்காங்க. முடிவு போன்ல வரும்னாங்க. வந்துச்சு. கடையச் சாத்திட்டு ரெண்டு பேரும் ஓடுனோம். இன்னும் வரலைன்னுட்டாங்க. வீட்டுக்குள்ள கால வெக்கிறேன், மறுபடி வருது. மறுபடி ஓடுனோம். கவுண்டர்ல இருக்கற பொண்ணு, உங்களுக்கு வேற பொழப்பில்லையா இபுன்னு எல்லார் முன்னாடியும் கேக்குறா. நிக்காம வந்துக்கிட்டே இருக்கு கண்ணு. ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த மனுசன் கழுத்தப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்கார்றாரு."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சொன்னாள். அது எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய புரோகிராமர் என் உதாரணத்தை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டார், நம்பரை மட்டும்தான் மாற்றினார், வார்த்தையில் ஒரு எழுத்து மாற்றவில்லை. ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்கு நன்றி வேறு சொன்னார். ஆகவே நிஜமான முடிவு வரும்போது அதுவும் இதே வார்த்தையில்தான் வரும். அதே பெயரிலிருந்து, அதே சத்தத்தோடு.

"இனிமே நான் பாக்கறதா இல்ல," என்றாள். "போன அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டேன். இது பக்கத்து வீட்டுப் பொண்ணு போன். அவதான் மெசேஜ்ல இருந்த பேர வெச்சுத் தேடி உங்க நம்பரக் குடுத்தா."

"இபு, வெளிய எடுங்க. மதியம் பாங்கு சொன்னதுக்கு அப்புறம் ஒண்ணு வந்தா அது உண்மையானது. அத மட்டும் நம்புங்க. நான் நிறுத்துறேன்."

"நீ யாரு கண்ணு?"

"அந்த மெசேஜ எழுதுனவ."

பின்னால் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் எழுதுற," என்றாள். வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் பாக் ஹெர்லம்பாங்கிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில்தான் அவர் கண்ணாடியை விட்டுத் திரும்பினார். டிராயரைத் திறந்து ஒரு சின்ன உறையிலிருந்து சிம் அட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எட்டு எட்டா வர்ற நம்பர். போயிருச்சா?" என்றார். அவர் முகத்தில் நிஜமான துக்கம் தெரிந்தது. நம்பருக்காக.

"பாக், அந்த அம்மா..."

"நாளைக்கு ஒரு பழக்கூடை அனுப்பிருவோம்மா. நம்ம பேர் போட்டு, நல்லதா."

"கட்டியும் பழம் மாதிரி உருண்டையா இருக்குன்னா பழம் அனுப்புறீங்க, பாக்?"

வாசலில் பலகாரப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. அவர் சிரிப்பை விடவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம். இந்தச் சிரிப்பை என்ன செய்வது?

"பாரு, ஹோஸ்னியா. இன்னிக்கு யாரும் எதையும் தொடக் கூடாது, தொட்டா வேலை போகும்னு நானே எழுதி ஒட்டியிருக்கேன். போன தடவ ஒருத்தன் விருந்தாளி முன்னாடி ஒரு கமாவ மாத்தி எல்லாம் படுத்துருச்சு. ஒத்திகைக்குத் திருப்புனா போன் அதிராது. நம்பரக் காலியா விட்டா முதல் அழுத்தல்லயே சிவப்பா தப்புன்னு வரும். வேற நம்பரப் போட்டா வேற யாரோ தலையில விழும். எந்த நம்பரும் யாரோ ஒருத்தரோடதுதானேம்மா?" காலரை ஒருமுறை தட்டினார். "என்ன பண்ணலாம்? உன் நம்பரப் போட்டுருவோமா?"

வாசலில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மாஸ் காலிஹின் மேஜைக்குப் போனேன். லைனை மாற்றுகிற சாவி அவரிடம்தான் இருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன்பே கையைக் காட்டித் தடுத்தார்.

"வேண்டாம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. விருந்தாளி போகட்டும், நானே ஒத்திகைக்குத் திருப்பிர்றேன், சத்தியமா. சாயங்காலம் வரைக்கும் தானே?"

"சாயங்காலத்துக்குள்ள உண்மையான முடிவு வந்துட்டா?"

"இன்னிக்கேவா வரும்? இத்தன நாள் வராதது?"

"இன்னிக்கு வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "உன் மதுரா வாய வெச்சுக்கிட்டு நீ இங்க ரொம்ப நாள் இருக்க மாட்ட," என்றார். அது வசவு இல்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"வாய் இல்ல மாஸ்," என்றேன். "இனிமே கை."

என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். லைன் என்னுடையது இல்லை, உதாரணம் என்னுடையது. வழிகாட்டிப் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் நான் மாற்றலாம், வெளியிடலாம். இன்றைக்கு மட்டும் கூடாது. பக்கத்தைத் திறந்தேன். அழகான எட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். ஒரு இலக்கம் தப்பினால் இன்னொரு வீட்டில் இன்னொருவர் எழுந்து உட்காருவார். என் நம்பரை, எந்த அழகும் இல்லாத நம்பரை, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தேன். சரிபார்த்தேன். மறுபடி சரிபார்த்தேன். வெளியிட்டேன். நானே ஒருமுறை எதையும் மாற்றாமல் அழுத்தினேன். மேஜையில் என் போன் அதிர்ந்தது.

அப்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

எட்டு எட்டாக வரும் அந்த நம்பரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தொழுகை முடியும் வரை மறுபடி மறுபடி கூப்பிட்டேன். பானைக்குள், அரிசிக்கு நடுவில், மூடி போட்ட இருட்டில் அது அடிப்பது எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. நான் சொன்னதை அவள் நம்பவில்லை. என்னை ஏன் நம்ப வேண்டும்? அத்தனை தடவை ஏமாற்றியதும் நான் எழுதிய வார்த்தைதானே.

பையை எடுத்தேன். கழுத்திலிருந்து ஆபீஸ் அட்டையைக் கழற்றிக் கீபோர்டின் மேல் வைத்தேன். மாஸ் காலிஹ் பார்த்தார்.

மாடிப்படியில் பாக் ஹெர்லம்பாங் விருந்தாளிகளை எதிர்கொள்ளக் காத்திருந்தார். கீழே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஹோஸ்னியா, எங்கம்மா? பெட்டியப் பத்தி நீதான பேசணும்?"

"நீங்க சொன்ன மாதிரியே என் நம்பரப் போட்டுட்டேன், பாக்," என்றேன். "கிரெசிக்குக் கிளம்புறேன்."

அவருடைய சிரிப்பு முகத்திலேயே நின்றது, கண் மட்டும் அதை விட்டு விலகியது. விருந்தாளிகள் படியேறத் தொடங்கிவிட்டார்கள், அவர் அவர்கள் பக்கம் திரும்பிக் கை நீட்டினார். பூப்போட்ட பத்திக் சட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி இறங்கினேன். தெருவில் வெயில் கொளுத்தியது. சந்தைக்குப் பின்னால், நாசி கிராவு கடை, சுமியாதி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.

பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். உங்கள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும். எங்கேயோ ஒருவர் எதையும் மாற்றாமல் அழுத்தியிருக்கிறார். இதை எழுதியவள் நான். என் கழுத்தில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை தானாகப் போய்க் கழுத்தைத் தடவியது. பையில் போட்டு நடந்தேன். மறுபடி அதிர்ந்தது. நடையை வேகமாக்கினேன்.