முக்கால் அடி நிலம்

கம்மிங் தெருவில், குஜராத்தி வழக்கப்படி எல்லோரும் 'பென்', அதாவது அக்கா, என்று கூப்பிடும் கோகிலாவின் துணிக்கடை ஒரே நாளில் வளர்ந்ததல்ல. பதினான்கு அடி அகலக் கடைக்குள் மருமகளாக நுழைந்தவள், மாமனார் கண்ணை மூடிய பிறகு இடப்பக்கத்துத் தையற்கடையை வாங்கினாள். பத்து வருஷம் கழித்து அதற்கடுத்த கடிகாரக்கடை. பழைய கட்டடம் எதையும் அவள் இடித்ததில்லை. துருப்பிடித்த தகரத்தை மாற்றுவாள், கறையான் தின்ற உத்தரத்தை மாற்றுவாள், நடுச்சுவரைத் திறப்பாள். வியாபாரம் தானாக அந்தப் பக்கம் பாயும். தீவுத் தலைநகரான சுவாவின் மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் பையோடுதான் வெளியே வருவார்கள்.

வலப்பக்கம் யீ குடும்பத்து ரொட்டிக்கடை மட்டும் பாக்கி. ஹாரி யீயோடு பதினோரு மாதம் பேரம். அவர் எழுந்து போவார், இவள் கூப்பிட மாட்டாள். இவள் எழுந்து வருவாள், அவர் மறுநாள் சூடாகப் பன் கொடுத்தனுப்புவார். ஒருவழியாகப் பத்திரம் முடிந்தது. தீபாவளிக்குள் நாலு கட்டடமும் ஒரே தளமாக ஓடும் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சொன்ன சொல் தப்பினால் எதிர்க்கடைக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

மேஸ்திரி வைசாலே ரொட்டிக்கடைப் பக்கத்துச் சுவரில் சம்மட்டியால் நாலு போடு போட்டு, ஓட்டைக்குள் தலையை விட்டார்.

"பென், சுவத்துக்குப் பின்னால இன்னொரு சுவரு! நடுவுல ஒன்றரை அடி சந்து. எலிங்களுக்குன்னு தனி ரோடே போட்டு வச்சிருக்கீங்க."

கோகிலாவுக்குக் கதை உடனே புரிந்துவிட்டது. பொதுச்சுவருக்குப் பாதிச் செலவை யார் தருவது என்று மாமனாரும் யீயின் அப்பாவும் பேரம் பேசியிருக்கிறார்கள். இருவரும் படியவில்லை. உன் சுவரில் என் வீட்டுப் பல்லிகூட ஏறாது என்று, முக்கால் அடி முக்கால் அடி விட்டு ஆளுக்கொரு சுவர் எழுப்பிவிட்டார்கள். பாதியை மிச்சம் பிடிக்கப் போய் முழுசாகச் செலவழித்த புத்திசாலிகள்!

சேதி கேட்டு ஹாரி யீ பத்திரத்தோடு வந்து நின்றார்.

"கட்டடத்தை வித்தேன், பென். என் சுவத்தோட வெளிப்பக்கம் வரைக்கும்தான் எழுத்து. அதைத் தாண்டி முக்கால் அடி இன்னும் எங்களுது. என் கையெழுத்து இல்லாம நகராட்சி உங்களைத் தளம் போட விடாது."

"முக்கால் அடில என்ன பண்ணப்போறீங்க, மிஸ்டர் யீ? ஒருக்களிச்சு நின்னு ரொட்டி விக்கப்போறீங்களா?"

"ஒல்லி ரொட்டியா சுட்டுக்கிறேன்."

வைசாலே சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சரி, என்ன வேணும்னு சொல்லுங்க" என்றாள் கோகிலா.

யீ பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அவளைத் தெருவுக்கு அழைத்துவந்து மேலே காட்டினார். முகப்பின் உச்சியில் காரையில் புடைத்த எழுத்து: 'யீ 1951'. அவர் அப்பா சாரத்தில் ஏறித் தன் கையால் பூசியது. அதைச் செதுக்கிவிட்டு, நாலு கட்டடத்துக்கும் நீளமாகத் தன் பெயர்ப் பலகையை மாட்டத்தான் கோகிலா உத்தரவு போட்டிருந்தாள்.

"அது அங்கயே இருக்கணும். வருஷா வருஷம் வர்ணம் அடிக்கணும்."

கோகிலா அண்ணாந்து பார்த்தாள். எத்தனை புயல் அடித்தும் ஓர் எழுத்தில்கூட மூளி இல்லை. நல்ல சரக்கை வாங்கும்போது பழிக்கலாம். வாங்கிய பிறகு பழிக்கிறவன் வியாபாரியே அல்ல.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை."

"வருஷா வருஷம்."

"அப்ப நிறம் நான் சொல்றதுதான்."

"சிவப்புன்னா சரி."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

யீ அங்கேயே, சிமெண்டு மூட்டைமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு தளம் ஒரே ஓட்டமாக ஓடியது. பலகை மூன்று கட்டடத்தோடு நின்றது. எதிர்க்கடை வல்லப்தாஸ் விடுவாரா?

"என்ன பென், நாலு கடைக்குச் சொந்தக்காரி, பேரு மூணுலதான் இருக்கு? நாலாவதுல வேற யாரோ உக்காந்திருக்காரே!"

"இந்தத் தெருவுல எங்கிட்டப் பேசி ஜெயிச்சவர் ஒருத்தர்தான், வல்லப் பாய். அவர் பேரையும் சேர்த்து நான் வாங்கியிருக்கேன். உங்க பேரை யாராவது கேட்டாங்களா?"

சொல்லிவிட்டு, அந்தச் சிவப்பு காய்ந்துவிட்டதா என்று மேலே பார்த்தாள்.