ஸவாரின் வெட்டிய ஆட்கள்

“அந்த ருஷ்யக் கிழவர் வெட்டினா ரத்தம் வருமாடி?” என்று பக்கத்து வீட்டு மரகதம் ஒருமுறை சின்னத்தாயியிடம் கேட்டாள். வராது என்றாள் சின்னத்தாயி. ஸவாரின் எடுத்த படச்சுருளிலிருந்து யாரை வெட்டினாலும், அந்த ஆளை அதன்பின் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஆளுக்கே தன்னைத் தெரியாது. வெட்டிய கைக்கு மட்டும் மறக்காது. பெங்களூர் அல்சூரில் அவருக்குச் சமைத்து வீடு பெருக்குகிறவள் என்பதால் அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது.

ஸவாரின் சோவியத் காலத்து இயக்குநர். வோல்கா கரையில் பிறந்து, டிராக்டர்களைப் பற்றிப் படமெடுத்துப் பதக்கம் வாங்கினார். இரண்டாவது படத்தில் ஒரு தளபதி குதிரைமேல் வந்தார். படம் முடிவதற்குள் அவர் மேலிடத்துக்கு ஆகாதவராகிவிட, வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. வெட்டினார். மறுநாள் தளபதியின் குதிரைக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. அதன்பின் உத்தரவுகள் நிற்கவில்லை. பயத்தில் சில வருஷம் பிர்ச் மரங்களையும் ஆற்றையும் மட்டும் எடுத்தார். அதிலும் வெட்டச் சொல்லி, ஒரு பாலம் காணாமல் போனதுதான் மிச்சம். கடைசியில், நடிகையான அவர் மனைவியின் அண்ணன் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டான் என்பதற்காக, அவளையே வெட்டச் சொன்னார்கள். வெட்டினார். அப்படி ஒருத்தி இருந்ததற்கு இன்று அவர் ஒருவரே சாட்சி. அந்த நாடே இல்லாமல் போனபோது, முன்பு ஒரு கூட்டுத் தயாரிப்புக்காக வந்திருந்த பெங்களூருக்குக் கேமராவும் வெட்டுமேசையுமாக வந்து சேர்ந்தார். எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டதால் வயது அவரைக் கவனிக்கவில்லை. தமிழ் கற்றுக்கொண்டார். தெருக் கல்யாணங்களைக் கறுப்பு வெள்ளையில் சும்மாவே எடுத்துக் கொடுத்தார். ஆகாதவர்களைக் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்துவிடும் பழக்கம் இங்கும் உண்டென்று அவருக்குத் தெரியாது. தெரிந்தபோது உத்தரவுகள் மறுபடி வரத் தொடங்கியிருந்தன. பிரிந்துபோன மருமகள்கள் போனார்கள், பங்கு கேட்ட தம்பிகள் போனார்கள். தெருவில் யாரும் யாரிடமும் சத்தம் போடுவதில்லை.

சின்னத்தாயியின் இளைய மகள் சுனிதா, வேறு சாதிப் பையன் ராகேஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வாரம், சின்னத்தாயியின் புருஷன் கோவிந்தன் பொம்மசந்திரா ஃபாக்டரியிலிருந்து நேராக ஸவாரின் வீட்டுக்கு வந்தார். மூத்தவள் வீணாவின் கல்யாணச் சுருளில், சுனிதா சந்தனத் தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கும் துண்டை எடுக்கச் சொன்னார்.

“எனக்கு ஒரே பொண்ணுதான் ஸார். நாளைக்கு என் கண்ணு முன்னாடி வெட்டணும்.”

அவர் போனதும் சின்னத்தாயி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

“முடியாதுன்னு சொல்லுங்க ஸார்.”

“எனக்கு அது வராது, அம்மா. உத்தரவு போட்டவர் இருக்கும்வரை உத்தரவு இருக்கும்.”

“சுருளை ஒளிச்சு வெச்சுட்டா?”

“என் மனைவியை ஒளித்துப் பார்த்தேன். இன்னொரு பிரதி வைத்திருந்தார்கள்.”

ஸவாரின் கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னலில் ஏரியைப் பார்த்தபடி நின்றுகொண்டார். சின்னத்தாயி சுருளைத் திருப்பினாள். சுனிதா வந்தாள், போனாள். அடுத்து கோவிந்தன். புது வேட்டியில், வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். யாரும் வராத நேரத்தில் தனக்கே கொஞ்சம் தெளித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். அவள் அழுது முடித்துவிட்டு அந்தத் துண்டை வெட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் சுனிதாவும் ராகேஷும் சின்னத்தாயியின் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். “எங்க வீட்ல அப்பான்னு யாரும் இல்ல,” என்று, காஸ் கனெக்‌ஷன் இல்லை என்பதுபோல் சுனிதா சொன்னாள். அப்போது டிபன் பையோடு ஒருவர் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி மூலையில் விட்டார். எதற்காகக் கழற்றினோம் என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாரும்மா அது?”

“யாரோ. வீடு மாறி வந்துட்டாரு,” என்றாள் சின்னத்தாயி. முந்தின நாள் கத்தரி பிடித்த கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.