தாலாய் குடிக்கமாட்டான்

இந்தக் காலத்து ஆட்களுக்கு மன்னிப்புக் கேட்கக்கூடத் துப்பில்லை. முன்பெல்லாம் தப்புச் செய்தவன் ஒரு ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கூடவே இரண்டு பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே நிற்பான். உள்ளே கூப்பிடும்வரை நிற்பான். பனி கொட்டினாலும் நிற்பான். இவன் கேக் கொண்டுவந்திருக்கிறான். தொக்மோக் டவுனில் வாங்கிய கேக். மேலே பிளாஸ்டிக் மூடி, உள்ளே ரோஜாப்பூ மாதிரிப் பிழிந்துவிட்ட சிவப்புக் க்ரீம். ஓரோஸ்பாய் ஆளைப் பார்க்காமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொண்டுவந்தவன் மெலிஸ். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒன்பது வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவன். வழியில் ஓரோஸ்பாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவன். போன இலையுதிர் காலத்தில் தொக்மோக்கில் இருக்கும் ஜெபக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். ஓட்காவை விட்டுவிட்டான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. முகத்தில் சதை வந்திருந்தது. பக்கத்தில் அவர்களுடைய போதகர் ஜிர்கால். முழுக்க மழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. இவனும் கிர்கிஸ்காரன்தான், ஆனால் பேச்சு மட்டும் சந்தையில் மூட்டுவலித் தைலம் விற்கிறவன் பேச்சு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

ஓரோஸ்பாயின் மனைவி புருல் தேநீர் ஊற்ற வந்தாள். அப்போதுதான் மெலிஸ் சொன்னான்.

"வண்டிய ஓட்டுனது நான்தான், ஆகே."

ஊரில் சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் 'ஆகே', அதாவது பெரியண்ணன். ஆனால் இவன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

"நான்தான் குடிச்சிருந்தேன். தாலாய் ஒரு சொட்டு குடிக்கல. போலீஸ்ல நான் மாத்திச் சொல்லிட்டேன்."

புருலின் கையில் இருந்த கெட்டில் அப்படியே நின்றது. பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அழவில்லை. மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டாள் என்பது சன்னல் வழியாகத் தெரிந்தது.

தாலாய் ஓரோஸ்பாயின் ஒரே மகன். நிலக்கரி ஏற்றப் போன லாரி மலை வளைவில் உருண்டதில் செத்தான். உடன் போன மெலிஸ் விலா எலும்பு முறிந்து பிழைத்தான். பிழைத்தவன் சொன்னதுதான் எழுதப்பட்டது: தாலாய் குடித்துவிட்டு ஓட்டினான். அடக்கத்துக்குப் பாதி ஊர்கூட வரவில்லை. அப்போதிருந்த முல்லா தொழுகையை ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி முடித்தார். தாலாய்க்கு வயிற்றில் புண், ஒரு கிண்ணம் புளித்த குதிரைப்பால் குடித்தாலே சுருண்டு படுத்துவிடுவான். இதை ஓரோஸ்பாய் ஊர் கூடும் ஜுமாபாய் கடைவாசலில் சொன்னார், மசூதியில் சொன்னார், கிராம அலுவலகத்தில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள், நம்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் வேறு எப்படி நடந்துகொள்வார்கள்? இப்போது தாலாயின் மகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள்கூடத் தேநீர் குடித்து, ரொட்டி பிய்த்துத் தின்று, கடைசியில் மெதுவாக அதைத்தான் கேட்கிறார்கள்: அப்பன் குடிகாரனாமே?

"ஆடு எங்க?" என்றார் ஓரோஸ்பாய்.

மெலிஸ் விழித்தான். "பிடிச்சு வச்சிருந்தேன் ஆகே. நல்ல கொழுத்த கெடா. இவங்கதான்..." என்று போதகரைப் பார்த்தான்.

"இனிமே ரத்தம் சிந்த வேண்டியதில்ல ஆகே," என்றார் ஜிர்கால். "கடவுளோட ஆட்டுக்குட்டி நம்ம எல்லாருக்காகவும் ஒரே தடவை பலியாயிடுச்சு. சிலுவையில மெலிஸோட பாவத்தையும் சேர்த்துத்தான் ஆணியடிச்சாங்க. வேற பலி கொடுத்தா, அது போதலன்னு நாமளே சொல்ற மாதிரி ஆயிடும்."

"அப்ப இவனுக்கு ஒரு கெடாகூடச் செலவில்ல."

"செலவு பெரிசு ஆகே. அத வேற ஒருத்தர் ஏத்துக்கிட்டார்."

"யாரு? ரெண்டாயிரம் வருஷம் முன்னால எங்கயோ செத்த ஆளு. அவருக்கு என் பையனத் தெரியுமா? அவர்கிட்ட யாராவது கேட்டாங்களா, தாலாய்னு ஒருத்தன் மேல பழி போட்டிருக்கு, அதையும் தூக்கிக்கிறியான்னு? அடிபட்டவன் நான். மன்னிச்சவரு அவராம். நடுவுல இவன் கேக் வாங்கிட்டு வர்றான்."

மெலிஸ் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால்வாயில் அவனுக்கு ஞானஸ்நானம். அதற்குமுன் பகை இருக்கிற இடத்தில் போய்ச் சமாதானம் ஆகிவிட்டு வரவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதைப் போதகரே சொன்னார். ஓரோஸ்பாய்க்கு அப்போதுதான் விளங்கியது. விசா வாங்கப் போகிறவன் முத்திரை குத்தச்சொல்லி வருகிற மாதிரி வந்திருக்கிறார்கள்.

"மன்னிப்பெல்லாம் எனக்குத் தெரியாதுடா," என்றார் மெலிஸிடம். "ஒண்ணே ஒண்ணு செய். ஜுமாபாய் கடை வாசல்ல நின்னு, இப்ப இங்க சொன்னத அங்க சொல்லு. அவ்வளவுதான். அப்புறம் நீ தண்ணியில முங்கு, நெருப்புல குதி, நான் கேக்கமாட்டேன்."

மெலிஸின் முகத்தில் இருந்த புதுச் சதையெல்லாம் தொங்கிப்போனது. "ஆகே... தாலாய் மச்சானுங்க என்னை உயிரோட விடமாட்டாங்க. போலீஸ்ல பழசக் கிளறுவாங்க. நான் கடவுள்கிட்டச் சொல்லிட்டேன். அழுது சொன்னேன். கழுவியாச்சுன்னு எனக்குள்ளயே தெரிஞ்சுது."

"கடவுளுக்கு முன்னாடியே தெரியும்டா. மலைமேல லாரி உருண்டப்பவே அவரு பாத்துட்டுத்தான இருந்தாரு. தெரியாதது ஜுமாபாய் கடையில உக்காந்திருக்கிறவனுங்களுக்குத்தான்."

ஜிர்கால் அந்தத் தைலக்காரக் குரல் இல்லாமல், மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு யோசிங்க ஆகே. ஒம்பது வருஷம் இவன் வரல. உங்க மசூதியோட பயமும் இவனக் கொண்டுவரல, போலீஸ் பயமும் கொண்டுவரல. இப்ப வந்து உங்க முன்னால உக்காந்திருக்கான். அந்தச் சிலுவை இல்லன்னா வந்திருப்பானா?"

ஓரோஸ்பாய் கேக் பெட்டியைக் காலால் அவர்கள் பக்கம் தள்ளினார். அவர்கள் அதை எடுக்காமலேயே போனார்கள். போகும்போது போதகர், "ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லுவான். வந்து கேளுங்க," என்றார். புருல் வந்து கேக்கைப் பெட்டியோடு நாய்க்கு வைத்தாள். நாய் க்ரீமை மட்டும் நக்கிவிட்டு நகர்ந்தது.

"போவியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? நாடகம் பாக்கவா?"

போனார். வெள்ளைத் தொப்பியைத் தட்டி வைத்துக்கொண்டு, பாலம் தாண்டி, கால்வாய்க் கரையோரம் நடந்து போனார். டவுனிலிருந்து இரண்டு வேன் வந்திருந்தது. இருபது முப்பது பேர். கித்தார் வைத்திருந்த ஒரு பெண், பாட்டுக்கு ஏற்றபடி கண்ணை மூடி மூடித் திறந்தாள். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து வேன்மேல் போர்த்துகிற தார்ப்பாயை விரித்து அதன்மேல் சமோசா, தர்பூசணி, தெர்மாஸ் எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். பாவம் போகிற இடத்தில் தர்பூசணி வேறு. ஊர்க்காரன் ஒருத்தன்கூட இல்லை. மெலிஸ் வெள்ளை அங்கி போட்டிருந்தான், அதற்குக் கீழே விளையாட்டுக் கால்சட்டையின் மூன்று கோடு தெரிந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்று சாட்சி சொன்னான். பனியுருகி வந்த தண்ணீர். பல் தந்தியடித்தது.

"நான் பெரும் பாவியா இருந்தேன். குடிச்சேன். பொய் சொன்னேன். ஒரு மனுஷனுக்குப் பெரிய துரோகம் பண்ணினேன். இயேசு என் பாரத்த எடுத்துக்கிட்டார்."

"ஆமென்!" என்றது கரை.

ஒரு மனுஷன். அவ்வளவுதான் தாலாய். ஓரோஸ்பாய்க்குக் காது சூடானது.

"எந்த மனுஷன்?" என்று கத்தினார். "பேரு கிடையாதா அவனுக்கு?"

கித்தார் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி உஷ் என்றாள். தண்ணீரில் மெலிஸின் பக்கத்தில் நின்ற ஜிர்கால் கையை உயர்த்தி அவளை அடக்கினார். அவர் மெலிஸைப் பார்த்தார். தண்ணீர் இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"தாலாய்," என்றான் மெலிஸ். பிறகு இன்னும் உரக்க, "தாலாய், ஓரோஸ்பாய் மகன். அவன் குடிக்கல. நான்தான் குடிச்சேன். நான்தான் ஓட்டுனேன். அவன் நிறுத்தச் சொன்னான், ரெண்டு தடவை சொன்னான், நான் நிறுத்தல."

நிறுத்தச் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை அவன்.

கரையில் ஆட்கள் அழத் தொடங்கினார்கள். தாலாயை ஒருநாளும் பார்த்திராத ஒரு தடித்த டவுன்காரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். "கர்த்தருக்கு மகிமை" என்றான் ஒருத்தன். மகிமையாம். ஒன்பது வருஷமாக ஓரோஸ்பாய் இந்த வார்த்தைகளுக்காகத்தான் காத்திருந்தார். கேட்டதும் நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. கால்தான் வலித்தது. நல்ல தண்ணீரை மணலில் கொட்டின மாதிரி, கேட்கவேண்டிய ஒரு காதுகூட இல்லாத இடத்தில் சொல்லித் தீர்த்துவிட்டான்.

முக்கி எடுத்தார்கள். இருமிக்கொண்டு எழுந்து கரையேறியவனை ஆளாளுக்குக் கட்டிக்கொண்டார்கள். ஓரோஸ்பாய் நேரே அவனிடம் போனார்.

"இப்ப கடைக்கு வா."

"ஆகே, நனைஞ்சிருக்கேன். நாளைக்கு..."

"ஞாயித்துக்கிழமை. எல்லாவனும் அங்கதான் சீட்டாடிட்டு இருப்பான். நாளைக்கு நீ காஞ்சு போயிருப்ப."

யாரோ ஒருத்தர் துண்டு நீட்டினார். மெலிஸ் வாங்கவில்லை. ஜிர்காலைப் பார்த்தான். போதகர் தன் சட்டைக் கையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அவரு தூக்கிட்டாரு, அவரு தூக்கிட்டாருன்னு நீங்க பாடிக்கிட்டே இருங்க," என்றார் ஓரோஸ்பாய். "என் வீட்டுல அந்தப் பழி இன்னும் இருக்கு. தூக்குன ஆளு எங்க கொண்டுபோய் வச்சாருன்னு எனக்குத் தெரியல."

திரும்பி நடந்தார். கொஞ்சதூரம் போனதும் பின்னால் கூழாங்கல் நொறுங்குகிற சத்தமும் ஈரக்கால் சளக்கென்று பதிகிற சத்தமும் கேட்டது. வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பாலத்தில் ஏறும்போது சர்க்கரைக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்தது. பலகையெல்லாம் நடுங்கியது. லாரி போனபிறகு காதைக் கொடுத்தார். கால்வாய் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அதற்குள் வேறு சத்தம் இருக்கிறதா என்று அவருடைய காதுக்குப் பிடிபடவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் கெஞ்ச ஆரம்பிப்பான். வந்தால் வரட்டும். எதிர்க்காற்றுக்குத் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடை இருக்கும் திக்கில் நடந்துகொண்டே இருந்தார்.