மாப்பிள்ளைக்குக் கொடுத்த மாத்திரை

வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடும் என்பதால் அந்த நாய்க்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தவர் அதை வளர்த்த லிஃப்ட் மெக்கானிக். பிள்ளையில்லாத அந்த வீட்டில் பதினோரு வருடமாக அது வைத்ததுதான் சட்டம்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சனிக்கிழமை வாந்தி. கணவர் வேலைக்குப் போயிருந்தார். அவளே அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள்.

“மனுஷங்க மாத்திரை ஏதாவது உள்ளே போயிருக்குமாம்மா?”

“வாய்ப்பே இல்லை டாக்டர். மருந்துக்கடையில நிக்கிறவ நான். எங்க வீட்ல ஒரு மாத்திரை கீழே கிடக்காது.”

அவர் அதை நம்பி, வயிற்றுக் கோளாறுக்கு ஊசி போட்டு அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை வாந்தியில் காப்பிப்பொடி போலக் கறுப்பாக வந்தது. தரையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் கேட்டார்: “அந்த மாத்திரையை இன்னும் குடுக்கலாமா, நிறுத்திடவா?”

“எந்த மாத்திரை?”

“என் முட்டிவலி மாத்திரைதான். பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்துச்சு, பாக்க சகிக்கல. ரொட்டிக்குள்ள வச்சுக் குடுத்தேன். அஞ்சாறு நாளா.”

அவள் அவர் கையிலிருந்த துணியைப் பிடித்து நிறுத்தினாள். “யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

“உன்னைத்தான். போன் பண்ணேனே? ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்னு கேட்டேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, சாப்பாட்டோடன்னு சொன்னியே.”

சொன்னாள்தான். கடையில் அப்போது கூட்டம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, யாருக்கு என்றுகூடக் கேட்காமல் சொன்னாள்.

மாத்திரை அட்டையோடு இருவரும் ஓடினார்கள். ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், மனிதர்களின் வலி மாத்திரை நாய்க்கு விஷம், வயிறு புண்ணாகி, சிறுநீரகமும் அநேகமாகப் போய்விட்டது என்றார்.

“உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சிருக்கணுமோ டாக்டர்?” என்றார் மெக்கானிக்.

“ஐயோ, அது இன்னும் ஆபத்துங்க. நாய் மாத்திரையை முழுங்கிட்டா வீட்ல எந்த வைத்தியமும் பண்ணாம, அட்டையை எடுத்துக்கிட்டு அந்த நிமிஷமே வரணும். எத்தனை, எப்போன்னு சொல்லணும். சனிக்கிழமை தெரிஞ்சிருந்தாக்கூட கொஞ்சம் போராடிப் பாத்திருக்கலாம்.”

சனிக்கிழமை என்ற சொல்லுக்கு அவள் தலை கவிழ்ந்தது.

இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாப்பிள்ளையால் தலையைத் தூக்க முடியவில்லை. புதன்கிழமை மதியம் டாக்டர், “இதுக்கு மேல கஷ்டப்படுத்த வேண்டாம்” என்றார்.

மெக்கானிக் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். “வலி போகட்டும்னுதான்டா குடுத்தேன்” என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊசி இறங்கி, எல்லாம் அடங்கிய பிறகும் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள், “தப்பு என்னோடதுங்க” என்றாள்.

“ரெண்டு பேரோடதும்தான்” என்றார் அவர். அதில் கோபம் இல்லை. ஆறுதலும் இல்லை.

அதற்குப் பிறகு பல நாள் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் தண்ணீர் வந்ததா, கதவைப் பூட்டியாச்சா என்பது மட்டும்தான்.