ஒரு நாள் குறைகிறது

விடுப்புக் கணக்கில் அவள் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. வெள்ளி முதல் திங்கள் வரை லீவு போட்டுவிட்டு, "கழிச்சுப் பாருங்க, மூணு நாள்தானே?" என்று பல்லிளிப்பவர்களிடம், "வெள்ளிக்கிழமை வந்தீங்களா? திங்கக்கிழமை வந்தீங்களா? அப்போ நாலு" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். தொடங்கும் நாளும் சேர்த்தி, முடியும் நாளும் சேர்த்தி. அந்த நூல் ஆலை அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக இதுதான் அவள் வேலை. முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் காலண்டர் என்று பெயர்.

அதனால் விவாகரத்து மனுவுக்கும் அவளே நாள் எண்ணினாள். முழுதாக முந்நூற்று அறுபத்தைந்து நாள் பிரிந்திருந்தால்தான் மனுவை வாங்குவார்கள். கணவன் வீட்டை விட்டுப் போனது போன வருடம் மார்ச் பதினைந்து. இன்று மார்ச் பதினான்கு. கணக்கு சுத்தம். இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவனுக்கோ நாளைக் காலை விமானம், மூன்று வருட ஒப்பந்தம். இன்று விட்டால் இன்னும் மூன்று வருடம் அவள் அவன் மனைவிதான். அதை நினைத்தால் அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, மனசு அப்படிக் கிடந்தது.

நீதிமன்றக் கவுண்டரில் இருந்த பெண் மனுவைப் புரட்டினாள். "ஒரு நாள் குறையுதும்மா."

"எப்படி? ரெண்டு பக்கமும் சேர்த்து எண்ணியிருக்கேனே."

"இங்க பிரிஞ்ச நாளைச் சேர்க்க மாட்டாங்க. மறுநாள்தான் ஒண்ணு. முந்நூத்தி அறுபத்தி நாலுதான் வருது."

ஊரார் லீவையெல்லாம் பிடித்தவள், சொந்தக் கணக்கில் கோட்டை விட்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற கணவன் அவள் பக்கம் குனிந்தான். "பதினாலுன்னு மாத்திப் போடு."

"பதினாலாம் தேதி நீங்க வீட்லதானே இருந்தீங்க?"

அன்றுதான் அவன் கூடத்து ஜன்னலுக்குத் திரை மாட்டினான். அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன வேலை. அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அவன் திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு ஏதோ பேசப்போய், இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் ஏன் போனான் என்பது அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பதினாலாம் தேதியை மட்டும் நல்ல நாளென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"இருந்தேன். ஆனா பெட்டி கட்டியாச்சு. கட்டிலுக்கு அடியில இருந்துச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "நான் போயிட்டா உனக்கு எட்டாதேன்னுதான் திரையை மாட்டினேன்."

அவள் தலையாட்டினாள். எங்கே வலிக்க வேண்டும் என்று தெரிந்தது. வலிதான் வரவில்லை.

"போயிடணும்னு எப்போ முடிவு பண்ணீங்க?"

"அதெல்லாம் ரொம்ப நாளாச்சு."

"தேதி?"

"தேதியெல்லாம் எப்படிச் சொல்றது?"

"மாசமாவது சொல்லுங்க."

அவன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினான். தொடங்கிய தேதி இல்லாமல் அவளுக்கு எண்ணத் தெரியாது.

பதினைந்தை அடித்துப் பதினான்கு என்று எழுதினாள்.

"அடிச்ச இடத்துலயும் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றாள் கவுண்டர்ப் பெண்.

போட்டாள்.