நீரில் விழுந்த நாற்பது பக்கங்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் அந்தக் கோடை முழுவதும் நான்தான் காவலுக்கு இருந்தேன். மணிக்கொரு முறை விசில் ஊதுவேன். சிறுவர்கள் எல்லாரும் பத்து நிமிடம் வெளியே வந்துவிட வேண்டும்; அந்த நேரம் பெரியவர்களுக்கு. பெரியவர்கள் என்றால் ஒரே ஒருவர்தான், ஓய்வுபெற்ற தபால்காரர் ஹவ்லிக். பிள்ளைகள் சுடும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து குச்சி ஐஸை உறிஞ்சிக்கொண்டு ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள்.

என் தங்கை ட்ரூடிக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு நாவலைப் படித்து, ஒரு தாளையும் நிரப்பி வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். தாளில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் பன்னிரண்டு கட்டங்கள். நாயகனுக்கு அழைப்பு வருகிறது, அவன் போக மறுக்கிறான், துணைக்கு ஒருவர் கிடைக்கிறார் என்று வளர்ந்து, கையில் ஒரு பேற்றோடு வீடு திரும்புகிறான் என்று முடியும். ஜூன் பாதி வரை அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அம்மா கட்டளை போட்டாள்: இடைவேளைதோறும் படித்தால்தான் மறுபடி தண்ணீரில் இறங்கலாம். கண்காணிக்கிற வேலை எனக்கு.

"நான் படிக்கிறேனா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ட்ரூடி.

"உதடு அசையணும்."

"உதடு என்ன, ஊருக்கே கேக்கும் பாரு."

சொன்னபடி, குளமே அதிர வாய்விட்டுப் படித்தாள். மலையடிவாரத்து ஊர் ஒன்றின் மணி திருடுபோகிறது. அதை மீட்டுவர உப்பு விற்பவனின் மகளைப் போகச் சொல்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள்.

"ஏன் மாட்டேங்குறா?" என்று கேட்டான் பக்கத்தில் இருந்த ஓட்டிஸ். அவனுக்கு ஏழு வயது.

"பயம்."

"நானா இருந்தா போயிருப்பேன்."

"நீ ஆழமான பக்கமே வர மாட்டே," என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினாள்.

அடுத்த இடைவேளைக்கு ஓட்டிஸ் தன் துண்டை அவள் அருகே விரித்தான். மறுவாரம் ஐந்து துண்டுகள். ஜூலையில் மொத்தப் படையும் அங்கேதான். இடைவேளை முடிந்து விசில் ஊதினால் ஒருவரும் எழுவதில்லை. "ஒரே ஒரு பக்கம், கிரெச்," என்று என்னிடம் கெஞ்சுவார்கள். ஹவ்லிக் முதலில், "செவிடனுக்கா படிக்கிறே? மெதுவாப் படியேம்மா," என்று சலித்துக்கொண்டார். சில நாளில் நீந்துவதையே விட்டுவிட்டு, குளத்து விளிம்பில் கைகளை மடித்து அதன்மேல் மோவாயை வைத்துக்கொண்டார். ட்ரூடி குரலைத் தாழ்த்தினால், "கேக்கலை," என்பார்.

அந்தப் பெண் குகைக்குள் நுழைந்த அன்றுதான் அது நடந்தது. இடத்துக்கு முட்டி மோதிய ஓட்டிஸின் முழங்கை பட்டு, புத்தகம் பறந்து குளத்தில் விழுந்தது. ஹவ்லிக் முங்கி எடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தார். இரண்டு நாள் கம்பி வேலியில் காயவைத்தோம். முன்பாதி கோஸ் இலை மாதிரி விரிந்தது. கடைசி நாற்பது பக்கங்கள் செங்கல்லாக ஒட்டிக்கொண்டன, பிரித்தால் கிழிந்தன. நூலகத்துப் பிரதிகளுக்கு ஆகஸ்டு வரை முன்பதிவு இருந்தது.

"அப்போ மணி?" ஓட்டிஸுக்கு அழுகை முட்டியது.

ட்ரூடி பையிலிருந்து தாளை எடுத்தாள். "எட்டாவது கட்டத்துல நிக்கிறோம். இன்னும் நாலுதான்."

மீதிக் கதையை மூன்று நாளில் அவளே சொல்லி முடித்தாள். ஊரே தூங்கும் விடியற்காலையில் அந்தப் பெண் வந்து மணியைத் தன் கையால் அடிக்கிறாள். ஓட்டிஸ் கேட்டுக்கொண்டதால் முதலில் ஒரு நாய் ஓடிவருகிறது. பிறகு பாதி பின்னிய தலையோடு அவள் அம்மா வந்து, திட்டித் தீர்த்துவிட்டுக் கட்டிக்கொள்கிறாள். அந்தத் திட்டு அப்படியே எங்கள் அம்மாவுடையது. காவலுக்கான உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் சிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஹவ்லிக் ஒரு காகிதப் பையோடு வந்தார். ஒமாஹா நகரம் வரை காரோட்டிப் போய்ப் புதுப் பிரதி வாங்கியிருந்தார்.

"கடைசி நாப்பது பக்கத்தை கார்லயே உக்காந்து படிச்சிட்டேன்," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "நீ சொன்ன மாதிரி இல்லம்மா."

"எப்படி இருக்கு?"

"நீயே படி."

படித்தாள். புத்தகத்துப் பெண் மணியை மீட்கிறாள். ஆனால் அதை வியாபாரிகளின் வண்டியில் ஊருக்கு அனுப்பிவிட்டு, மலைக்கு அந்தப்புறம் மணி வார்க்கும் பட்டறையில் தங்கிவிடுகிறாள். அம்மாவுக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதுகிறாள். பிள்ளைகள் கையில் இருந்த ஐஸ் உருகி முழங்கையில் வழிந்தது.

"லெட்டர் போதுமா?" என்றான் ஓட்டிஸ்.

ஹவ்லிக்தான் தண்ணீருக்குள்ளிருந்து சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் லெட்டர் குடுத்திருக்கேன். கவரைப் பிரிக்காமலே உள்ள போறவங்களும் உண்டு. வாசல்லயே நின்னு மூணு தடவை படிக்கிறவங்களும் உண்டு."

"உங்களுக்கு எந்த முடிவு பிடிச்சுது, மிஸ்டர் ஹவ்லிக்?" என்று கேட்டாள் ட்ரூடி.

"நாய் வர்றது."

ஓட்டிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே கை தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு நடத்தினான். ட்ரூடியின் முடிவுக்கே கேட்டவர்கள் எல்லார் கையும் உயர்ந்தது. ஹவ்லிக்கின் ஈரக் கையும்தான். விசில் ஊதினேன், அத்தனை பேரும் தண்ணீரில் பாய்ந்தார்கள். ட்ரூடி மட்டும் இறங்காமல் அந்தக் கடிதப் பக்கத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சைக்கிளில் வீடு திரும்பும்போது, "நீ மட்டும் ஏன் கை தூக்கலை?" என்று கேட்டேன்.

"என் கதையில அவ மறுநாள் என்ன பண்ணுவான்னு யோசிச்சேன். திரும்பவும் உப்பு விக்கப் போவா. அது பாவமா இருந்துது." பிறகு, "ஓட்டிஸ்கிட்ட சொல்லிடாதே. அவன் அந்த நாய்க்குப் பேரெல்லாம் வச்சுட்டான்," என்றாள்.

நான் சொல்லவில்லை.